வங்கக்கடல் காற்றுக்குத் தருவது



மேகத்தில் ஒரு துளி பிறக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே அங்கே ஒரு துகள் இருக்க வேண்டும். நீராவி குளிர்ந்தால் தானாகவே திரண்டு துளியாகிவிடும் என்று பள்ளியில் படித்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அது பாதி உண்மைதான். தூசு, புகை, உப்பு எதுவுமே இல்லாத காற்றில் துளி உருவாக ஈரப்பதம் பல நூறு விழுக்காட்டை எட்ட வேண்டும். உண்மையான மேகத்துக்குள் அது நூறைத் தாண்டுவதே மிகச் சொற்பம். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் எயிட்கன் 1880இல் கண்ணாடிக் கலங்களில் நீராவியை அடைத்து இதைக் காட்டினார். வடிகட்டிய காற்றில் மூடுபனி எழவில்லை. சாதாரணக் காற்றை உள்ளே விட்டதும் எழுந்தது. அப்படிப் பிறக்கும் மேகத்துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. ஆகவே கண்டமங்கலத்தில் நம் தலையில் விழும் ஒரு சொட்டு லட்சக்கணக்கான துகள்களின் கரைசலும்கூட.

நாம் கூடியிருக்கும் இந்தக் கண்டமங்கலம் கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நம் ஏரியும் கிணறும் நிரம்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலிலிருந்து வரும் மழையால். தண்ணீர் கடலிலிருந்து வருகிறது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் பற்றிக்கொள்ளும் துகள் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு பங்கு கடல் தந்தது, எவ்வளவு பங்கு நிலம் தந்தது? இன்றைய பொழிவு முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வரப்போகிறது. இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் நம் கரையின் மழையையும் காற்றையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உப்பு. காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரை நெருங்கும்போது கடலின் மேல் வெண்ணுரை தோன்றத் தொடங்குகிறது. உடையும் அலை காற்றைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அது குமிழிகளாக மேலேறி வருகிறது. மேற்பரப்பைத் தொட்ட குமிழியின் மெல்லிய தோல் கிழியும்போது மிக நுண்ணிய துளிகள் பல சிதறுகின்றன. தோல் போனபின் மிஞ்சும் குழியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை மேல்நோக்கிப் பாய்ந்து, சற்றுப் பெரிய துளிகள் சிலவாக உடைகிறது. சோடா பாட்டிலைத் திறந்து முகத்தருகே பிடித்தால் மூக்கில் சில்லென்று படுகிறதே, அதே நிகழ்ச்சிதான் கடற்பரப்பு முழுவதும் இரவும் பகலும் நடக்கிறது. துளியின் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் காற்றில் மிதக்கிறது. உலகக் கடல்கள் ஆண்டுதோறும் இப்படிக் காற்றில் ஏற்றும் உப்பு நூறு கோடி டன்களுக்கும் மேல். அதில் பெரும்பகுதி மீண்டும் கடலிலேயே விழுந்துவிடும். மீதி காற்றோடு கரையேறும்.

இதில் காற்றின் வேகத்துக்கு உள்ள பங்கு நாம் எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரிது. வேகம் இரண்டு மடங்கானால் வெண்ணுரை மூடும் பரப்பு பத்து மடங்காகிறது என்று 1980இல் வெளியான, இன்றும் பலர் பயன்படுத்தும் ஒரு கணக்கு சொல்கிறது. அமைதியான பிப்ரவரிக் கடலும் நவம்பர்க் கடலும் காற்றுக்குத் தரும் உப்பு ஒன்றாக இருக்கவே முடியாது.

உப்பு ஏன் மழைக்கு வேண்டியவனாகிறது? ஐப்பசி அடைமழையில் அடுக்களை உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்துபோவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். சமையல் உப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. மக்னீசியம் கலந்த கடலுப்பு அதற்கும் முன்னதாகவே. மேகம் உருவாகும் முன்பே ஈரத்தைக் குடித்துப் பருத்த துகள், மேகத்துக்குள் எல்லாத் துகள்களையும் முந்திக்கொண்டு பெரிய துளியாகிறது. பெரிய துளி வேகமாக இறங்கி, வழியில் சிறு துளிகளைச் சேர்த்துக்கொள்கிறது. மழை அப்படித்தான் தொடங்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்தத் துயரத்தை அனுபவித்த மக்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அவ்வளவு மழைக்குக் காரணம், கரையேறிய புயல் நகராமல் அதே இடத்தில் நின்று கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்ததுதான். உப்புத் துகள் காரணமல்ல. எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் காற்றோட்டமும் கடலின் வெப்பமும் தீர்மானிக்கின்றன. அந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம், எந்த அளவுத் துளியாக, எந்த இடத்தில் இறங்கும் என்பதில்தான் துகளுக்குக் கை இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்து, துகளைத் தூவி எதையும் சாதிக்கலாம் என்று பேசுவோருடன் நான் உடன்படவில்லை.

அடுத்தது வாயு. இதன் கதை சற்று நீளமானது. பொறுமையோடு கேட்கத் தகுந்தது.

மழை நிலத்திலுள்ள கந்தகத்தைக் கரைத்து ஆறுகள் வழியே கடலில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் நிலத்தில் கந்தகம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். தீரவில்லை. எனவே அது காற்றின் வழியே திரும்பி வருகிறது. எந்த உருவில்? அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றே நெடுங்காலம் கருதினார்கள். ஜேம்ஸ் லவ்லாக் 1971–72இல் ஷேக்கிள்டன் என்னும் ஆய்வுக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து தெற்கே அண்டார்டிகா நோக்கிப் போன பயணத்தில், தாமே செய்த கருவியைக் கொண்டு கடல்நீரை அளந்தார். போன வழியெல்லாம் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் வாயு நீரில் கரைந்திருந்தது. கடலை நெருங்கும்போதே நம் மூக்குக்கு எட்டுகிறதே ஒரு வாசனை, அதில் இந்த வாயுவுக்கும் பங்குண்டு. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடற்பறவைகளில் சில, இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே இரை இருக்கும் இடத்தைக் கண்டடைகின்றன.

இதை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். கடலின் உப்பைத் தாங்கத் தம் உடலுக்குள் ஒரு கந்தகச் சேர்மத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பாசி செத்தாலோ, மிதவை நுண்விலங்குகள் அதைத் தின்றாலோ அந்தச் சேர்மம் நீரில் கலந்து உடைந்து வாயுவாகிறது. பெரும்பகுதியைப் பாக்டீரியாக்களும் சூரிய ஒளியும் நீருக்குள்ளேயே தீர்த்துவிடுகின்றன. சிறு பங்குதான் காற்றுக்குத் தப்பி வருகிறது. அந்தச் சிறு பங்கே உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் கந்தகம் என்று 2011இல் வந்த தொகுப்பு மதிப்பிட்டது. காற்றுக்கு வந்தபின் ஓரிரு நாட்களில் அது கந்தக டை ஆக்சைடாகவும், பின் கந்தக அமிலமாகவும், இறுதியில் சல்ஃபேட் துகளாகவும் மாறுகிறது. மேகத்துக்கான விதை அங்கே தயாராகிவிடுகிறது.

1987இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரியே, வாரன் ஆகிய நால்வர் நேச்சர் இதழில் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார்கள். கடல் சூடானால் பாசி இந்த வாயுவை அதிகம் விடும், துகள் பெருகும், மேகம் வெளுக்கும், வெளுத்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கடல் குளிரும். அதாவது உயிர்களே பூமியின் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கின்றன. அழகான கருத்து. ஒரு தலைமுறை முழுவதும் அதைச் சோதிக்கக் கடலுக்குப் போனது. 2011இல் பட்ரீசியா குவினும் திமத்தி பேட்ஸும் அதே இதழில், சேர்ந்த அளவீடுகளை வைத்து அந்தச் சங்கிலி இறுகப் பிணைந்ததாக இல்லை என்று வாதிட்டார்கள். கடல்மேல் மேக விதைகளுக்கு உப்பும், கடலின் உயிர்ப்பொருள் எச்சமும், வெகு உயரத்திலிருந்து இறங்கும் துகளும் என்று பல மூலங்கள் உண்டு. என் பார்வையில் நால்வர் கருத்து வெப்பச் சீராக்கியாகத் தோற்றாலும், அளக்கும் பழக்கத்தை உண்டாக்கியதால் அறிவியலுக்கு அது தந்தது மிகப் பெரிது. இன்னும் கதை முடியவில்லை: 2020இல்தான், இந்த வாயு காற்றில் சிதையும் வழியில் அதுவரை வளிமண்டலத்தில் யாரும் பார்த்திராத ஓர் இடைச்சேர்மத்தை விமானத்திலிருந்த கருவிகள் பிடித்தன. ஐம்பது ஆண்டு ஆராய்ந்த வாயுவிலேயே அவ்வளவு பெரிய வழி ஒன்று கண்ணுக்குத் தப்பியிருந்தது.

நம் கடலுக்கு வருவோம். 1998இல், வடகிழக்குப் பருவம் தொடங்கும் நேரத்தில், சாகர் கன்யா கப்பல் வங்கக்கடலுக்குள் போனது. பருவமழை ஆய்வுக்கான முன்னோட்டப் பயணம் அது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஷெணாய், திலீப் குமார் குழு அதில் டைமெத்தில் சல்ஃபைடை அளந்தது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீரைக் குமிழி படாமல் எடுக்க வேண்டும். தாமதித்தால் வாயு போய்விடும் என்பதால் கப்பலிலேயே ஆய்ந்தாக வேண்டும். சுத்த வாயுவை நீருக்குள் குமிழியாக விட்டுக் கரைந்திருப்பதை வெளியேற்றி, உறைகுளிரில் வைத்த குழாயில் பிடித்து, பிறகு சூடாக்கிக் கருவிக்குள் செலுத்த வேண்டும். இதையெல்லாம் ஆடும் கப்பலில், மழைக்காலத்து வங்கக்கடலில் செய்தார்கள்.

வங்கக்கடலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு மூடியாக நிற்கிறது. கீழேயுள்ள ஊட்டச்சத்து மேலே வருவது அரிது. அதனால் அரபிக்கடலில் செழிப்பது போல் இங்கே பாசி செழிப்பதில்லை. அதே மூடிதான் கடலின் மேற்பரப்பை வெதுவெதுப்பாக வைத்துப் புயலுக்குத் தீனி போடுகிறது. பாசி குறைவான, காற்றும் புயலும் மிகுந்த கடல் இது. ஆகவே இங்கே நம் கரைக்கு வரும் விதைகளில் உப்பின் பங்கைத் தனியாகவும் கந்தகத்தின் பங்கைத் தனியாகவும் எண்ண வேண்டியிருக்கிறது. உலக சராசரியைக் கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது.

கடல் விடும் மற்ற வாயுக்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஆக்சிஜன் குறைந்த நீரில் நைட்ரஸ் ஆக்சைடு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பம் பிடிக்கும். இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில் ஆக்சிஜனற்ற நீர் பரவுவதால் இந்த வாயு பெருகுவதை எஸ்.டபிள்யூ.ஏ. நக்வி குழு 2000இல் நேச்சரில் வெளியிட்டது. இன்னொன்று அயோடின். காற்றிலுள்ள ஓசோன் கடற்பரப்பில் பட்டதும் அங்கிருக்கும் அயோடைடுடன் வினைபுரிந்து அயோடின் சேர்மங்கள் வெளியேறுகின்றன. அவை மேலும் ஓசோனைத் தின்கின்றன. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் அனூப் மகாஜன் குழு இந்தியப் பெருங்கடலில் இதை அளந்துவருகிறது. மூன்றாவது மீத்தேன். அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து பூர்வஜாவும் ராமேஷும் தமிழகக் கரையின் அலையாத்திக் காடுகளில், பிச்சாவரம் உட்பட, இதைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் வழியாகவே மீத்தேன் வெளியேறுவதையும், நன்னீர் சேருமிடத்தில் அது கூடி, உவர் மிகுந்த மண்ணில் குறைவதையும் அவர்கள் 2004இல் காட்டினார்கள். கடல்நீரின் சல்ஃபேட்டை உண்ணும் பாக்டீரியா, மீத்தேன் உண்டாக்கும் உயிர்களை முந்திவிடுவதுதான் காரணம். நம் மாவட்டத்தில் மரக்காணத்துக்கு அருகே கழுவெளி ஏரி இருக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உவரும் மாறி மாறி வரும் இதைப் போன்ற ஓர் இடத்தில், மாதந்தோறும் மீத்தேனை அளந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது நிலத்தின் பங்கு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999 ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் நடந்தது. கப்பல், விமானம், செயற்கைக்கோள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஒரு நிலையம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். துணைக்கண்டத்தின் அடுப்பு, வாகனம், ஆலை, வயல் தீ ஆகியவற்றின் புகை, குளிர்காலக் காற்றோடு நிலநடுக்கோடு வரை கடல்மேல் பரவிக்கிடந்தது. கடற்பரப்பில் விழும் வெயிலில் பத்து விழுக்காடு வரை அது மறைத்தது. இரு அரைக்கோளங்களின் காற்றுகள் சந்திக்கும் மேகப்பட்டைக்குத் தெற்கே போனதும் காற்று சட்டென்று தெளிந்தது. பிறகு 2006 மார்ச் முதல் மே வரை, இஸ்ரோவின் திட்டத்தில் சாகர் கன்யா மீண்டும் வங்கக்கடலையும் அரபிக்கடலையும் சுற்றியது. 2008–09 குளிர்காலத்தில் வங்கக்கடலில் இன்னொரு பயணம். கடலின் நடுவில் எடுத்த துகளிலும் சல்ஃபேட்டில் பெரும்பங்கு நிலத்திலிருந்து போனது என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் எம்.எம். சரின் குழு கண்டது.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நவம்பரில் கிழக்கிலிருந்து நம் முகத்தில் படும் காற்றைக் கடற்காற்று என்றே சொல்கிறோம். சுத்தமானது என்றும் நம்புகிறோம். அதில் ஒரு பகுதி கங்கைச் சமவெளியில் புகையை ஏற்றிக்கொண்டு, வங்கக்கடலைச் சுற்றி, நம் கரைக்கு வந்து சேர்வது. புகைத்துகள் மிகுந்த மேகத்தில் துளிகள் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுத்துப்போகும். சிறுத்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மழையாகத் தாமதமாகும். அந்த மேகத்துக்குள் பெரிய உப்புத்துகள் போய்ச் சேர்ந்தால் மழை மறுபடி தொடங்கிவிடுகிறது என்று டேனியல் ரோசன்ஃபெல்டும் அவர் குழுவும் 2002இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். நிலம் கெடுத்ததைக் கடல் ஓரளவு சரிசெய்கிறது என்று இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியும் கவலையும் ஒருசேர வந்தன. எவ்வளவு வரை சரிசெய்யும் என்பது அளவைப் பொறுத்த விஷயம். அளவு தெரிய வேண்டுமானால் இங்கே அளக்க வேண்டும்.

பிரித்து அளக்க முடியுமா? முடியும். அதுவும் ஒரு கல்லூரியின் கைக்கு எட்டிய வேலை. கடல்நீரில் சோடியம் ஒரு பங்கு இருந்தால் சல்ஃபேட் கால் பங்கு, குளோரைடு 1.8 பங்கு. எந்தக் கடலில் எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. மாடியில் ஒரு வடிதாள் கருவியை வைத்து ஒரு நாள் காற்றை இழுத்து, தாளைத் தூய நீரில் ஊறவைத்து, அயனிகளை அளந்தால் போதும். சோடியத்தை வைத்துக் கடலுப்பின் சல்ஃபேட்டைக் கழித்துவிடலாம். மீதியில் பாசி தந்த கந்தகம் எவ்வளவு என்பதற்கு மீத்தேன் சல்ஃபோனிக் அமிலம் சாட்சி. டைமெத்தில் சல்ஃபைடு சிதைவதிலிருந்துதான் அது பெரும்பாலும் பிறக்கிறது. கரும்புச் சோகையோ விறகோ எரிந்திருந்தால் பொட்டாசியம் கூடுதலாக நிற்கும். மழைநீரையும் இப்படியே பார்க்கலாம். ஒரே விதி: மழை தொடங்கும்போது மூடியைத் திறந்து, நின்றதும் மூட வேண்டும், இல்லையென்றால் வெயில் நாள் தூசியும் சேர்ந்துவிடும்.

இந்திய வானிலைத் துறை மழைநீரின் வேதியியலைப் பார்க்கப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் நிலையங்களில் நமக்கு அருகிலிருப்பவை விசாகப்பட்டினம், போர்ட் பிளேர், கொடைக்கானல், மினிக்காய். ஒன்று வடக்கே வெகுதூரத்தில், இரண்டு தீவு, ஒன்று மலைமுடி. வடகிழக்குப் பருவத்தையே நம்பி வாழும் சோழமண்டலக் கரை அந்தப் பட்டியலில் இல்லை. கப்பல் பயணங்கள் மகத்தானவை. ஆனால் அவை சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன. பருவம் ஒவ்வோராண்டும் வருகிறது. நமக்குத் தேவை ஒவ்வோராண்டும் அதே இடத்தில் எடுத்த கணக்கு.

அதற்கு இந்தப் பகுதியைப்போல் வாகான இடம் கிடைப்பது கடினம். 1879இல் போட்ட புதுச்சேரி–விழுப்புரம் ரயில்பாதையைப் பாருங்கள். கடற்கரையில் தொடங்கி வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் வழியாக நேர் மேற்கே போகிறது. கிழக்குக் காற்று வீசும் நாளில் காற்றின் பாதையும் அதுதான். வீராம்பட்டினம் கரையில் ஒரு வடிதாள், கண்டமங்கலத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று. மூன்றும் ஒரே நாளில், ஒரே நேரத்தில். பெரிய உப்புத்துகள் வழியிலேயே விழுந்துவிடுவதால் சோடியம் மேற்கே போகப் போகக் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே முதல் பருவத்தில் கிடைக்கும் முதல் எண்.

இரண்டாவது எண் குளோரைடு. மாசுக் காற்றிலுள்ள அமிலங்கள் உப்புத்துகளில் பட்டதும் குளோரினை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் விகிதம் 1.8இலிருந்து இறங்கும். கொண்டல் வீசும் ஒரு நாளில் வீராம்பட்டினத்திலேயே அது இறங்கியிருந்தால், அமிலம் கடலைத் தாண்டி வடக்கிலிருந்து காற்றோடு வந்தது என்று பொருள். கரையில் 1.8 நின்று, இங்கே கண்டமங்கலத்தில் இறங்கியிருந்தால், அது நம் சாலையிலும் நம் வயலிலும் நம் ஆலையிலும் சேர்ந்தது. முந்தையது என்றால் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு தில்லிக்குப் போக வேண்டும். பிந்தையது என்றால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கே போகலாம்.